ஒலிபெருக்கி வல்லார் ஜேம்ஸ் லான்சிங்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து வாழும் எம்மனோர்க்கு ஓசை என்பது புதிய பொருளன்று. அஃது எங்கள் பிழைப்பு. கந்தக பூமி என்று பிறர் கூறும் இக்கரிசற் காட்டில், வெடியோசையைக் கேட்ட அளவிலேயே அஃது இன்ன வெடி, இத்துணைத் தொலைவில் வெடித்தது என்று சொல்லவல்ல சிறுவர் பலர் உளர். சரவெடியின் ஓசை அருகிருப்பார் செவியைக் கிழிக்கும். தெருக்கள் சில கடந்துவிட்டால் அதன் படபடப்பு மங்கிவிடும். அணுகுண்டு என்று வழங்கும் பெருவெடியோ, சுவர்களைச் சுற்றி வளைந்து வந்து, எங்கேயோ மூடிக் கிடக்கும் கதவின் தாழ்ப்பாளையும் அதிரச் செய்யும். இதன் காரணம் பௌதிக நூல் கற்றார்க்குத் தெரியும். விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் உயர்ந்த ஒலி நேரே செல்லும் இயல்பிற்று. சுவரும் மரமும் அதனைத் தடுக்கும். காற்றும் அதனை விரைவில் உண்டுவிடும். விநாடிக்கு ஐம்பது நூறு முறையே அதிரும் தாழ்ந்த ஒலி தடைகளைச் சுற்றி வளைந்து நெடுந்தொலைவு செல்லும்.

ஒரே ஓசையினுள் இங்ஙனம் இருவேறு இயல்புடைய ஒலிகள் இருத்தலினால், மனிதர் குரலையும் இசையையும் இயந்திரத்தின் வாயிலாகப் பேரவையோர் கேட்கும்படி செய்ய முயன்றவர்கள் பெரிதும் இடர்ப்பட்டார்கள். அவ்விடரை வென்றவர்களுள் தலையாயவர் ஒருவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். திரைப்பட அரங்குகளிலும் விழா மேடைகளிலும் அடுக்கப்படும் பெட்டிகளின்மீது ஜே.பி.எல். என்னும் மூன்று எழுத்துக்களைக் காணாதவர் நம் கல்லூரியில் இரார். அவ்வெழுத்துக்கள் ஒரு மனிதருடைய பெயரின் முதலெழுத்துக்கள் என்பதை அறிந்தவர் சிலரே.

ஜேம்ஸ் புல்லோ லான்சிங் என்று உலகம் அறிந்த இவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜேம்ஸ் மார்டினி. 1902-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினாய் மாகாணத்தில் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கங்களில் பொறியியற் பணி புரிந்தவர். மக்கள் பலர் பிறந்த பெருங்குடும்பம் அது. செல்வம் மிக்கதன்று, ஆகலின் இவர் உயர்ந்த கல்லூரி எதிலும் பயின்றாரல்லர். ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பள்ளியிலும், அங்கிருந்த சிறியதொரு வாணிபக் கல்லூரியிலும் கற்றதே இவர் பெற்ற கல்வி.

இளமையிலேயே மின்சாரத்தில் இவர்க்கு இருந்த வேட்கை அளவு கடந்தது. பத்து வயதளவில் லெய்டன் சாடி என்னும் மின்தேக்கியொன்றைத் தாமே செய்து, உடன் விளையாடுவோர்க்கு மின்னதிர்ச்சி கொடுத்து மகிழ்ந்தாரென்று கூறுவர். வானொலிக் கருவிகளையும் செய்து பார்த்தார். இவர் அமைத்த சிறு ஒலிபரப்புக் கருவியின் ஒலி தொலைவிலிருந்த கடற்படை நிலையம் ஒன்றனை எட்டியதென்றும், அதனால் அக்கருவியைக் கலைத்துவிட நேர்ந்ததென்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. பின்னர் மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் அமர்ந்தார். மிக நுண்ணிய அளவுகளைப் பிழையாது செய்யும் கைப்பழக்கம் அத்தொழிலில் வாய்த்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. ஏனெனில், பிற்காலத்தில் இவர் செய்த கருவிகளின் சிறப்பெல்லாம் மயிரிழை அளவு இடைவெளிகளைக் காத்தலிலேயே இருந்தது.

1924-ஆம் ஆண்டு தாயார் இறந்தார். அதன்பின் லான்சிங் வீட்டை விட்டு மேற்றிசை நோக்கிச் சென்றார். சால்ட் லேக் நகரத்தில் வானொலி நிலையமொன்றில் வேலை கிடைத்தது. கிளென்னா என்னும் மங்கையை அங்கே கண்டார். பின்னர் அவரையே மணந்தார். கென் டெக்கர் என்னும் நண்பரைப் பெற்றதும் அந்நகரிலேயே. டெக்கர் வாணிபம் அறிந்தவர். லான்சிங் கருவி அறிந்தவர். ஏறத்தாழ அக்காலத்தில்தான் எம் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டுப் போய் மீண்டனர். அவ்விருவரும் ஒருவர்க்கொருவர் துணையாயிருந்து தழைத்தனர். லான்சிங்குக்கு அத்துணை நெடிது நிலைக்கவில்லை என்பதைப் பின்னே காண்போம்.

அந்நாளில் ஒலிபெருக்கி என்பது குழந்தைப் பருவத்தில் இருந்தது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர் 1915-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பெருங்கூட்டத்தினர் கேட்கும்படி ஒலியைப் பெருக்கிக் காட்டினர். 1925-ஆம் ஆண்டில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்போர் இன்றும் வழக்கிலுள்ள கூம்பு ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்தனர். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள். அச்சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளிற் பாயும் மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் ஆட, கூம்பு காற்றைத் தள்ளி ஒலி எழுப்பும். இதனைவிட எளிய கருவி வேறொன்று இல்லை; இதனை நன்றாகச் செய்தலைவிட அரிய செயலும் வேறில்லை.

1927-ஆம் ஆண்டு நண்பர் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் சேர்ந்து லான்சிங் உற்பத்திக் கம்பெனி என்னும் பெயரால் தொழில் தொடங்கினர். மார்டினி என்னும் பழம்பெயரை விடுத்து லான்சிங் என்னும் புதுப்பெயரை இவர் பூண்டதும் அவ்வாண்டிலேயே. வீட்டு வானொலிப் பெட்டிகளுக்கு வேண்டிய ஆறங்குல, எட்டங்குல ஒலிபெருக்கிகளைச் செய்து விற்றனர். அவர்கள் நகரம் திரைப்படத் தொழிலின் தலைநகரம். அதே 1927-ஆம் ஆண்டில் பேசும் படம் வெளிவந்து, அத்தொழில் முழுவதையும் தலைகீழாக்கியது. ஊமைப் படங்களைக் காட்டிவந்த அரங்குகள் யாவும் ஒலிபெருக்கிகளைத் தேடலாயின.

நம் நாட்டிலும் அம்மாறுதல் விரைந்து வந்தது. 1931-இல் காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும் படம் வெளியாயிற்று. அதற்கு முன்னர், ஒலிபெருக்கியின் துணையின்றியே ஆயிரக்கணக்கானோர் கேட்கப் பாடவல்ல நாடக நடிகர்கள் இருந்தனர். சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ் அவர்களுள் ஒருவர். தேசியப் பாடல்களை மேடையிற் பாடிச் சிறை சென்றவர். 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னையில் முருகனாக வேடந் தாங்கி மேடையில் இருந்தபடியே உயிர் நீத்தார். அத்தகைய குரல் வளத்தைப் பெறாதவர்களும் பேரவையில் பாடலாம் என்னும் நிலைமையை ஒலிபெருக்கி உண்டாக்கியது. அது நன்றோ தீதோ என்னும் வழக்கினை இசையன்பர்க்கு விடுகின்றோம்.

பேசும் படம் காட்டிய அரங்குகளில் குரல் தெளிவாகக் கேட்டால் இசையின் அடியொலி கேட்பதில்லை. அடியொலி கேட்டால் சொல் விளங்குவதில்லை. இதற்கு வழி, ஒலியை இரு கூறாகப் பிரித்து, தாழ்ந்த கூற்றைப் பெரிய கூம்பினிடமும் உயர்ந்த கூற்றைச் சிறிய ஊதுகுழலினிடமும் ஒப்படைத்தலே. பெரிய கூம்பினை ஊஃபர் என்றும், சிறியதனை ட்வீட்டர் என்றும், பிரிக்கும் மின்னமைப்பினைக் கிராஸ்ஓவர் என்றும் இன்று வழங்குகின்றோம். அவ்வமைப்பில் உள்ளவை பெரும்பாலும் இரண்டே பொருள்கள். கம்பிச்சுருள் ஒன்று உயர்ந்த ஒலியின் மின்னோட்டத்தை மறித்துத் தாழ்ந்ததனை விடும். மின்தேக்கி ஒன்று தாழ்ந்ததனை மறித்து உயர்ந்ததனை விடும். முன்னது ஊஃபர் வழியிலும் பின்னது ட்வீட்டர் வழியிலும் அமையும்.

பிரித்தல் எளிது; பிரித்தவற்றை மீண்டும் ஒன்றாகக் கேட்கும்படி செய்தல் அரிது. அக்காலத்தில் இருந்த பெரிய அமைப்பொன்றில் தாழ்ந்த ஒலி நீண்டு வளைந்த குழலின் வழியே வந்தது. உயர்ந்த ஒலி குறுகிய வழியே வந்தது. ஆகவே இரண்டும் ஒருங்கு புறப்பட்டும் ஒருங்கு வந்து சேரவில்லை. காலணியின் அடியால் தரையைத் தட்டி ஆடும் நடனப் படம் ஒன்றைக் காட்டியபோது ஒவ்வொரு தட்டும் இருமுறை கேட்டது. மெட்ரோ கோல்ட்வின் மேயர் படநிலையத்தின் ஒலிப்பகுதித் தலைவராகிய டக்ளஸ் ஷியரர் இக்குறைகளைக் கண்டு பொறாராகிப் புதிய அமைப்பொன்றைத் தாமே செய்விக்கத் துணிந்தார். ஜான் ஹில்லியர்டு என்னும் பொறியறிஞர் திட்டம் வகுத்தார். அதற்கு வேண்டிய ஒலிபெருக்கிகளைச் செய்து தரும் பொறுப்பு லான்சிங்கினிடம் வந்தது. பதினைந்து அங்குல ஊஃபரையும், உலோகத் தகட்டினை அதிரச் செய்து ஊதுகுழலின் வழியே உயர்ந்த ஒலியை எழுப்பும் கருவியையும் லான்சிங் கம்பெனி செய்து தந்தது. வழிநீளங்களை ஒப்பச் செய்தமையால் இரட்டை ஒலி ஒழிந்தது. ஷியரர் ஊதுகுழல் என்று பெயர் பெற்ற இவ்வமைப்பு அரங்குகளில் விரைவில் பரவியது.

1936-ஆம் ஆண்டுக்குரிய திரைப்படக் கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிசு இதற்காக வழங்கப்பட்டது. பரிசுப் பட்டியலில் ஷியரர் பெயரும் படநிலையத்தின் பெயரும் உள்ளன. கருவிகளைத் தம் பட்டறையில் அறுத்தும் கடைந்தும் சுற்றியும் செய்தவரின் பெயர் அங்கே இல்லை. இதனை அநீதி என்று கூறிவிட யாம் துணியவில்லை. திட்டமும் பொருளும் படநிலையத்தினுடையவை. ஆயினும் லான்சிங் வாழ்க்கையில் பெயர் என்பது எத்துணைப் பெரிய வழக்காகப் போகின்றது என்பதை எண்ணுங்கால் இச்சிறு செய்தியும் எம் மனத்தைத் தைக்கின்றது.

1939-ஆம் ஆண்டில் கென் டெக்கர் விமான விபத்தில் இறந்தார். கணக்கும் கடனும் பார்த்துவந்த கை போயிற்று. லான்சிங் அதனைத் தாமே பார்க்க முயன்று இயலாராயினார். பொருள்களைக் குறைவறச் செய்தலில் அவர்க்கிருந்த பிடிவாதம் விலை கூறுவதில் இல்லை. இரண்டாண்டுகளில் கம்பெனி நொடித்தது. 1941 டிசம்பரில் ஆல்டெக் என்னும் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கி, ஆல்டெக் லான்சிங் என்று பெயரிட்டுக்கொண்டது. லான்சிங் பொறியியற் பகுதியின் தலைவராகப் பணிபுரியலானார். தம் பெயரைத் தாங்கிய கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் நிலை அது.

அந்நிலையிலும் அவர் கை ஓய்ந்திருக்கவில்லை. ஊஃபரின் நடுவிலேயே ட்வீட்டரை வைத்து இரண்டும் ஒரே இடத்தினின்று ஒலிக்கும்படி செய்த 604 என்னும் இரட்டை ஒலிபெருக்கி அக்காலத்தது. இசைப்பதிவு நிலையங்களில் அது பல்லாண்டு விளங்கியது. 1945-ஆம் ஆண்டில் அரங்கின் குரல் எனப் பொருள்படும் பெயரோடு வந்த பெரிய ஒலிப்பெட்டி, உலகத்துத் திரையரங்குகளில் திரையின் பின்னே நின்று பாடியது. அதில் விநாடிக்கு 500 அதிர்வு என்னும் எல்லையில் ஒலி பிரிக்கப்பட்டது.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவுடன் 1946-இல் லான்சிங் அந்நிறுவனத்தை விட்டு நீங்கி, லான்சிங் சவுண்டு என்னும் பெயரால் தனியே தொழில் தொடங்கினார். ஆல்டெக் நிறுவனத்தார் தடை கூறினர். லான்சிங் என்னும் பெயர் தாங்கள் விலை கொடுத்து வாங்கியது என்பது அவர்கள் வாதம். வழக்கு முறையில் அவர்கள் கூறியது முற்றும் தவறென்று சொல்லுதற்கில்லை. ஆயினும் உயிரோடு இருக்கும் ஒருவர் தாம் செய்த பொருளின்மேல் தம் பெயரைப் பொறிக்கக் கூடாது என்னும் நிலைமை எத்துணைக் கொடிது! முடிவில் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்டு என்று முழுப்பெயராக நீட்டி வழங்க நேர்ந்தது. மூன்று எழுத்துக் குறி வழக்குக்கு வந்தது அவர் இறந்த பின்னர், அப்பழைய பூசலின் விளைவாகவே.

அப்புதிய கம்பெனியில் 1947-ஆம் ஆண்டில் அவர் செய்தளித்தது டி 130 என்னும் பதினைந்து அங்குல ஒலிபெருக்கி. அதன் சிறப்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பிறர் ஒலிபெருக்கிகளின் சுருளில் உருண்டைக் கம்பி சுற்றுவர். உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் வீணாகும். லான்சிங் தட்டையான அலுமினிய நாடாவை விளிம்பின்மேல் நிற்கும்படி சுற்றினார். வெற்றிடம் ஒழிந்து, காந்தத்தின் இடுக்கு முழுவதும் உலோகமே நிறைந்தது. சுருளின் குறுக்களவு நான்கு அங்குலம். அக்காலத்தில் அது மிகப் பெரிது. இவற்றால் குறைந்த மின்சாரத்திலேயே பேரொலி எழுந்தது. கூம்பின் நடுவே அலுமினியக் குமிழ் ஒன்றைச் சுருளோடு இணைத்தார். பெரிய கூம்பு அசைய மாட்டாத உயர்ந்த ஒலிகளை அக்குமிழ் எழுப்பியது. ட்வீட்டரும் வேண்டா, கிராஸ்ஓவரும் வேண்டா. பெருக்கியினின்று வரும் இரு கம்பிகளை நேரே இணைத்தாலே போதும் என்னும்படி அது நின்றது. வேண்டுவோர் ட்வீட்டர் சேர்த்துக்கொள்ளவும் இடமிருந்தது. ஒலியைப் பிரிக்கும் கலையில் பல்லாண்டு உழைத்தவரே பிரிக்காமல் ஒலிக்கும் கருவியையும் சிறப்புறச் செய்தார் என்பதில் முரண் ஏதுமில்லை. எங்கே பிரித்தால் எது கெடும் என்பதை அறிந்தவர் அவரேயன்றோ?

இச்செய்தி நம் மாணவர் சிலர்க்கு இன்று நேரே பயன்படுவதாகலின், வரலாற்றை இங்கே சிறிது நிறுத்துகின்றோம். தாழ்ந்த சுருதிக் கிதாராகிய பேஸ் கிதார், 1951-இல் லியோ ஃபெண்டர் செய்து விற்றபின்னரே பெருவழக்காயிற்று. அதன் தடித்த நரம்பு விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அதற்கென அமைந்த பழைய பெட்டிகள் பலவற்றில் ட்வீட்டர் கிடையாது. 1969-இல் வந்த ஆம்பெக் நிறுவனத்தின் பெயர்பெற்ற பெட்டியில் எட்டுப் பத்தங்குல ஒலிபெருக்கிகள் மட்டுமே இருந்தன. நரம்பைக் கட்டைவிரலால் அறைந்தும் சுண்டியும் வாசிக்கும் முறை பரவியபின், அதன் உலோக ஒலி கேட்கவேண்டி ட்வீட்டர் சேர்க்கப்பட்டது. பழைய முறையில் வாசிப்போர்க்கு அஃது இடையூறாயிற்று. பெருக்கியின் இரைச்சலும், விரல் நரம்பில் உராயும் கிறீச்சொலியும், ஒலியை வேண்டுமென்றே முறித்து வாசிக்கும்போது எழும் கரகரப்பும் ட்வீட்டரின் வழியே ஊசிபோல் வந்து குத்தும். ஆகவே பலர் கிராஸ்ஓவரையும் ட்வீட்டரையும் நீக்கி, ஊஃபருக்கு நேரே கம்பி கொடுத்துவிடுகின்றனர். எம் பக்கத்து மைக் செட்காரர் இதனை டைரக்ட் கொடுத்தல் என்பர்.

விருதுநகரில் மைக் செட் கடையொன்றில் முதியவர் ஒருவர் இதனைச் செய்யக் கண்டோம். திருவிழாக் கச்சேரிக் குழுவொன்றின் பதினைந்து அங்குலப் பெட்டி அது. ட்வீட்டர் எரிந்து போயிருந்தது. பெருக்கியை அணைத்துக் கம்பியைக் கழற்றியபின்னரே அவர் திருப்புளியைக் கையில் எடுத்தார். ஊஃபரை வெளியே எடுத்து, எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பதைச் சுண்ணக்கட்டியால் பெட்டியின் மேலே எழுதிக்கொண்டார். கிராஸ்ஓவர் பலகையினின்று கம்பிகளை அறுக்காது உருக்கி எடுத்தார். பின்னொரு நாள் வேண்டினால் மீட்டும் பொருத்தலாம் என்பது அவர் முறை. பிறகு பெட்டியின் பின்புற இணைப்பிலிருந்து ஊஃபருக்குத் தடித்த இருகம்பியை நேரே கொடுத்தார். நேர்முனை நேர்முனைக்கும் எதிர்முனை எதிர்முனைக்கும் சேருதலைச் சிறு மின்கலம் ஒன்றால் தொட்டுக் கூம்பு முன்னே நகர்வதைக் கண்டு தெளிந்தார். ட்வீட்டருக்குச் சென்ற கம்பிகளின் முனைகளைத் தனித்தனியே நாடா சுற்றி மூடினார். எரிந்த ட்வீட்டரை மட்டும் அதன் துளையிலேயே விட்டுவைத்தார். துளை திறந்திருந்தால் பெட்டியின் காற்று அதன் வழியே கசிந்து அடியொலி கெடும் என்றார்.

இனி, இதனைச் செய்யப் புகுவோர் அறியவேண்டியன சில உண்டு. ட்வீட்டருக்கு முன் உள்ள மின்தேக்கியை நீக்கி அதற்கு நேரே கம்பி கொடுத்தல் ஆகாது. தாழ்ந்த ஒலியின் மின்னோட்டம் புகுந்து நொடியில் அதனை எரித்துவிடும். ஊஃபர் எத்தனை ஓம் என்பதை அதன் முதுகிற் பார்த்து, பெருக்கி அதனைத் தாங்குமா என்று அறிதல் வேண்டும். பெட்டியில் ஊஃபர் இரண்டு இருப்பின் அவற்றை இணைக்கும் முறையால் ஓம் மாறும். எல்லாவற்றினும் முதன்மையானது வேறொன்று. பல பெட்டிகளில் ட்வீட்டரைக் குறைக்கும் திருகு பின்புறத்தே உண்டு. அதனை முற்றும் குறைத்துச் சில நாள் வாசித்துப் பார்த்தால் ட்வீட்டர் இல்லாத ஒலி எப்படியிருக்கும் என்பது ஒருவாறு விளங்கும். அது மந்தமாக இருப்பின், ஊஃபரை மறித்து நிற்கும் சுருளை நீக்கியபின் நடுத்தர ஒலிகள் சிறிது எழும் என்பது உண்மையே. ஆயின் எல்லா ஊஃபர்களும் டி 130 அல்ல. கிராஸ்ஓவர் இருக்கும் என்று நம்பியே செய்யப்பட்ட ஊஃபர் சிலவற்றில், நடுவொலியில் ஒரு முரட்டுக் கனைப்பு மறைந்திருக்கும். அதனை மறைத்துவந்ததே அந்தச் சுருள். நீக்கியவுடன் அது வெளிப்படும். மேலும், பெரிய கூம்பினின்று எழும் உயர்ந்த ஒலி நேர்முன்னே மட்டும் செல்லுமாதலின், மேடையின் நடுவில் நிற்போர்க்குக் கேட்பது பக்கத்தில் இருப்போர்க்குக் கேளாது. அம்முதியவரும் வேலை முடித்தபின் பெட்டியின் முன்னே நின்று கேட்டதோடு அமையாது, தெருவைக் கடந்து இரு பக்கமும் சென்று கேட்டு வந்தார். பேஸ் வாசிப்போர்க்குப் பெரும்பாலும் இம்மாற்றம் நன்மையே தரும் என்பதும், பாட்டும் பேச்சும் அப்பெட்டியிலேயே கேட்கவேண்டுமாயின் அதனைத் தொடாதிருத்தலே நலம் என்பதும் எம் துணிபு.

லான்சிங்கின் வரலாற்றுக்கு மீள்வோம். டி 130-ஐப் புகழாதார் இல்லை. ஆயினும் கம்பெனிக்குக் கடன் வளர்ந்தது. மார்க்குவார்ட் என்னும் விமானக் கம்பெனி இடமும் பொருளும் உதவி வந்தது. 1949-இல் அக்கம்பெனியை வேறொரு பெரு நிறுவனம் வாங்கியது, அதற்கு ஒலிபெருக்கித் தொழிலில் விருப்பமில்லை, உறவு அறுந்தது. லான்சிங் கம்பெனியைப் புதிதாகப் பதிவு செய்து வேறிடத்துக்குக் கொண்டு சென்றார். சரக்குத் தந்தவர்களுக்குப் பணம் தர இயலவில்லை. தாம் செய்யும் பொருள் உலகத்தில் சிறந்தது என்பதை அவர் அறிவார். அடுத்த மாதம் அதனைச் செய்யப் பட்டறை இருக்குமா என்பதை அறியார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் சான் மார்க்கோஸ் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அப்பொழுது அவர்க்கு வயது நாற்பத்தேழு.

இச்செயலைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியிருக்கின்றனர். யாம் அவர்மேல் தீர்ப்புக் கூற முற்படோம். ஒன்று மட்டும் கூறுவோம். பத்தாண்டுகளுக்கு முன் டெக்கர் இறந்தபோது போன துணை மீண்டும் அவர்க்கு வாய்க்கவில்லை என்று எண்ணியிருந்தோம். ஆராயுமிடத்து அஃது அவ்வாறன்று. மார்க்குவார்ட் கம்பெனியின் பொருட்காப்பாளராக இருந்து, பின் லான்சிங்கினிடம் வந்து சேர்ந்த வில்லியம் தாமஸ் என்பவர் அத்தகைய துணையாகவே இருந்தார். கணக்கு அறிந்தவர், பொருளின் அருமையும் அறிந்தவர். அவர் வந்தது காலந் தாழ்ந்து என்பதே துயரம்.

லான்சிங் தம் ஆயுளுக்குக் காப்பீடு செய்து, அதனைப் பெறும் உரிமையைக் கம்பெனிக்கு வைத்திருந்தார். அத்தொகையைக் கொண்டே தாமஸ் தொழிலை நிறுத்தாது நடத்தினார். கிளென்னா அம்மையாரிடம் இருந்த மூன்றிலொரு பங்கையும் விலை கொடுத்து வாங்கித் தாமே உரிமையாளரானார். நிறுவியவர் வடிவமைத்த ஒலிபெருக்கிகளை அவர் கைவிடவில்லை. பேஸ் கிதாரைப் பரப்பிய லியோ ஃபெண்டர், டி 130 மின்கிதாருக்கு மிகப் பொருந்துதலைக் கண்டார். அதனால் ஃபெண்டர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து டி 130 எஃப் என்னும் வகை செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கான மேடைப் பெட்டிகளில் அஃது இரு கம்பிகளால் நேரே இணைக்கப்பட்டு, ட்வீட்டர் இன்றியே ஒலித்தது. இல்லங்களில் இசை கேட்போர்க்கென்று லான்சிங் செய்தது மேடைக் கலைஞர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

தாமஸ் 1969-ஆம் ஆண்டில் கம்பெனியைச் சிட்னி ஹார்மன் என்பவர்க்கு விற்றார். ஹார்மன் நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் கொரிய நாட்டுச் சாம்சங் நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஆல்டெக் நிறுவனத்தினின்றும் தம் பெயரை மீட்க லான்சிங் பட்ட பாடு பலர்க்கு மறந்துவிட்டது. கூம்பு கிழிந்த பழைய டி 130-களைத் தேடி வாங்கி, புதுக் கூம்பு ஒட்டி, தட்டை நாடாச் சுருளைப் புதுப்பித்து வாசிப்போர் இன்றும் பல நாடுகளில் உளர்.